கீழ்க்கை கட்டையான சிலுவை

புஸ்பத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அது முதலில் கையில்தான் தெரியும். செய்துகொண்டிருக்கும் வேலை பாதியில் நின்றுவிடும். அன்று காலை மன்னார்த் தாழ்வுபாட்டுக் கரையில் சூடைக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படித்தான் நின்றது. பாதி மீன் புரண்டும் பாதி மீன் புரளாமலும் வலைமேல் கிடந்தன. இரண்டு காகங்கள் கிட்ட வந்து ருசி பார்க்கத் தொடங்கின. வேறு நாளென்றால் அவற்றின் பரம்பரையையே திட்டித் தீர்த்திருப்பாள். இன்று அவள் கண் முழுவதும் போனில் இருந்தது.

படத்தை அனுப்பியவள் மகள் சுபாஜினி. அவள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்னப் பட்டணத்தில் பழம்பொருள்களை வைத்துக் காட்டும் நூதனசாலை வாசலில் நின்று ரிக்கற் கிழிக்கிறாள். ஊரில் கேட்பவர்களுக்கு, "பிள்ளைக்குக் கந்தோரில மேசை வேலை" என்று புஸ்பம் சொல்லிவைத்திருக்கிறாள். அந்த நூதனசாலையில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். அதைப் படம் பிடித்து அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா, இதைப் பாருங்கோ. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்த ஒரு இளம் பெட்டையின்ர குழிக்குள்ள எடுத்தது. இந்தச் சிவப்புக் கல்லு எங்கட இலங்கையில இருந்து போயிருக்கலாமாம்!"

படத்தில் ஒரு பொன் சிலுவை. நான்கு கையும் ஒரே நீளம். நடுவில் வட்டமாக ஒரு சிவப்புக் கல். கைகளில் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கற்கள். கீழ்க்கையின் நுனியில் மட்டும் கல் இல்லை, குழிதான் இருந்தது.

புஸ்பம் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள். சிறிதாக்கினாள். மறுபடியும் பெருப்பித்தாள். கண்ணாடியைச் சீலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது எங்கட அம்மாவின்ரயெல்லோ" என்றாள், காகங்களிடம்.

ஆயிரத்து முந்நூறு வருடம் என்று மகள் எழுதியதை அவள் வாசிக்காமல் விடவில்லை. வாசித்தாள், நம்பவில்லை. களவுச் சாமானை விற்கிறவன் வேறு என்னத்தை எழுதிக் கொடுப்பான்? போன கிழமை தாழ்வுபாட்டில் எடுத்தது என்றா எழுதுவான்?

அம்மாவின் சிலுவைக்கு ஒரு கதை இருந்தது. அம்மாவின் கலியாணத்துக்கு மன்னார் டவுனில் நகை செய்யும் பத்தர் ஒருவர் செய்த சிலுவை அது. எல்லாச் சிலுவையையும் போலக் கீழ்க்கையை நீளமாகத்தான் நினைத்துத் தொடங்கினாராம். செய்துகொண்டு போகையில் பவுண் போதவில்லை. இன்னும் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்க வெட்கப்பட்டு, கீழ்க்கையையும் மற்றக் கைகளின் அளவோடு முடித்துக் கொடுத்துவிட்டார். "உதென்ன, கூட்டல் குறியோ?" என்று கோவிலில் பெண்கள் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரித்ததில்லை. பின்னாளில் கீழ்க்கை நுனிக் கல் விழுந்து தொலைந்தபோது, அந்தக் குழியைச் சிவப்பு அரக்கால் நிரப்பிப் போட்டுக்கொண்டார்.

இப்படி ஒரு சிலுவை உலகத்தில் இரண்டாவதாக இருக்க முடியாது என்பது புஸ்பத்தின் முடிவு. அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

விற்றது யார் என்பதில் அவளுக்குப் பதினொரு வருடமாகச் சந்தேகமே கிடையாது. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் அதை மட்டும் உறுதியாக நம்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மதலேனாதான். புஸ்பத்தின் ஒரே தம்பி அன்ரனியின் பெண்சாதி.

பதினொரு வருடத்துக்கு முன் அம்மா வீட்டில்தான் கண்ணை மூடினார். குளிப்பாட்டி உடுத்தி, கடைசியில் நகை கழற்றியது வரைக்கும் எல்லாம் மதலேனாவின் கைதான். பெட்டி மூடும் முன் பொன்னையெல்லாம் கழற்றிவிடுவது இந்தக் கரையில் வழக்கம். விரல்களில் மரச் செபமாலை ஒன்றைச் சுற்றிவிடுவார்கள், அதோடு சரி. புஸ்பம் அழுது களைத்து ஒரு மூலையில் கிடந்தாள். அவள் தன் கையால் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். பெட்டிக்குள் பளபளவென்று வெள்ளைத் தலையணை இருக்க, அம்மா எப்போதும் படுக்கும் பழந்தலையணையைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள்.

"இந்த ஊத்தைத் தலையணை என்னத்துக்கு மச்சாள்? பெட்டிக்குள்ள புதுசு இருக்குதே" என்றாள் மதலேனா.

"என்ர அம்மாவுக்கு இது இல்லாட்டி நித்திரை வராது. நீ கையை எடு" என்று புஸ்பம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் மதலேனா ஒரு லேஞ்சித் துணியில் நகைகளை முடிந்து கொண்டுவந்து தந்தாள். தோடு இருந்தது, காப்பு இருந்தது, மோதிரம் இருந்தது. சட்டைக்குள்ளே கறுப்பு நூலில் தொங்குகிற சிலுவை இல்லை. "கழுத்தில ஒண்டும் இருக்கேல்லை மச்சாள்" என்றாள் மதலேனா. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

புஸ்பம் அதோடு நின்றாளா? கோவில் வாசலில், மீன் நிறுக்கும் இடத்தில், டவுன் பஸ்ஸில் என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். பேர் மட்டும் சொல்லமாட்டாள். "பிரேதத்தில கை வைச்சவையும் நாக்கை நீட்டி நற்கருணை வாங்கினம்" என்பாள். தாழ்வுபாட்டில் அதற்கு மேல் பேர் வேண்டியதில்லை. முன்பெல்லாம் எந்த இழவு வீடென்றாலும் பிரேதம் உடுத்த மதலேனாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அந்தக் கை இருந்தது. செத்தவர் முகத்தில் ஒரு நிம்மதியைக் கொண்டுவந்துவிடுவாள். பிறகு யாரும் கூப்பிடவில்லை. இழவு வீட்டுக்கு அவள் போனால் பெண்கள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள். போவதையே விட்டுவிட்டாள். அன்ரனி மட்டும் கடலால் வந்த கையோடு நல்ல மீனாக நாலு எடுத்து வேலிக்கு மேலால் அக்காவின் முற்றத்தில் போடுவான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.

படம் வந்த அன்று புஸ்பம் கருவாட்டை அப்படியே காகங்களுக்கு விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினாள். நேரே ஜுனைட்டின் நகைக்கடைக்குப் போனாள். அம்மாவின் சிலுவைக்கு வளையம் அறுந்தபோது ஒட்டிக் கொடுத்தவர் ஜுனைட்டின் வாப்பா.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. இது உங்கட கடையால போனதோ?"

ஜுனைட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அவன் அவ்வளவு கெதியாகச் சிரித்தது புஸ்பத்துக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, இது ஆயிரத்து முந்நூறு வருசத்துச் சாமான். எங்கட வாப்பாவுக்கு வாப்பா கூடப் பிறக்கேல்லை."

"அது அவங்கள் எழுதினது. நீங்கள் கல்லைப் பாருங்கோ."

"கல்லு கார்னட். இலங்கையிலயும் கிடைக்கும், இந்தியாவிலயும் கிடைக்கும். அந்தக் காலத்திலயே கப்பலில போயிருக்கும்."

"கப்பலில போறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஜுனைட் மறுபடியும் சிரித்தான். கடைப் பெடியனிடம் சொல்லாமல் தானே எழும்பிப் போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தான். அதில் சீனி கூடிப்போயிருந்தது. குற்றம் உள்ளவன்தான் சீனியை அள்ளிப் போடுவான் என்று புஸ்பம் குடித்துக்கொண்டே நினைத்தாள்.

"நல்லாப் பாருங்கோக்கா. இதில மேல வளையம் இல்லை. உங்கட உம்மான்ர சிலுவையில வளையம் இருந்தது, வாப்பா ஒட்டினவர். வளையத்தை வெட்டினால் வெட்டின தடம் தெரியும். இதில தடமே இல்லை. வளையம் இல்லாமல் இதைக் கழுத்தில எப்பிடிப் போட்டினமெண்டுதான் எனக்கும் விளங்கேல்லை."

"அதை நான் கேக்கவேண்டிய ஆளிட்டக் கேக்கிறன்" என்று புஸ்பம் எழுந்தாள். ஆனால் வளையக் கதை அவள் காதுக்குள் புகுந்துவிட்டது.

கேட்கவேண்டிய ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் புஸ்பம் வேலிக்குக் கிட்டப் போய் போனை மறுபக்கம் நீட்டினாள்.

"இதைப் பார். தெரியுதோ?"

மதலேனா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். "மாமியின்ர மாதிரித்தான் இருக்குது" என்றாள்.

"மாதிரியோ? இங்கிலாந்து வரைக்கும் போயிருக்குது. ஆரிட்டக் குடுத்தனி? சொல்லு."

மதலேனாவின் முகம் மாறியது. ஆனால் குரல் உயரவில்லை. "பதினொரு வருசமா ஊருக்கெல்லாம் சொன்னீங்கள் மச்சாள். இண்டைக்குத்தான் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுறீங்கள். அதுக்காவது சந்தோசம்."

"கதையை மாத்தாதை."

"மாத்தேல்லை. எங்கட குடும்பத்துக்கு இருக்கிறது ஒரு குழி. மாமியைத் தாட்ட குழியைத் திறந்துதான் எங்களிலயும் ஆரையாவது வைப்பினம். என்னை வைக்கேக்க வந்து நிண்டு வடிவாப் பாருங்கோ. என்னட்ட இருந்து ஏதும் கிடைச்சால் ஊருக்குச் சொல்லுங்கோ."

அவள் திரும்பிப் போய் மீனை வெட்டத் தொடங்கினாள். கத்தி பலகையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் நின்ற அன்ரனி அக்காவைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான், பிறகு உள்ளே போய்விட்டான். அழுத்தக்காரி, கண்ணில் ஒரு துளி தண்ணீர் வந்ததா பார், என்று புஸ்பம் தனக்குள் கறுவிக்கொண்டாள்.

பின்னேரம் ஆறு மணிக்குச் சுபாஜினி வீடியோவில் வந்தாள். அவளுக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். தாய் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரோ? இதைத் தோண்டி எடுக்கேக்க மண்ணுக்குள்ள இருந்தபடியே படம் பிடிச்சு வைச்சிருக்கினம். எலும்புக்கு மேல கிடக்குது."

"அப்ப வேதக்காரப் பெட்டையை ஏன் பொன்னோட தாட்டவை? எங்கட வேதத்தில அப்பிடி இல்லையே."

"அவை அப்பதான் வேதத்துக்கு வந்த சனமாம் அம்மா. செத்தவைக்குப் பொன்னும் சாமானும் வைக்கிறது அவையின்ர பழைய பழக்கம். சிலுவை புதுப் பழக்கம். ரெண்டையும் விடேல்லை. பதினாறு, பதினேழு வயசுப் பெட்டையாம். பேர் ஆருக்கும் தெரியாது. கட்டிலில கிடத்தி, கட்டிலோட தாட்டிருக்கினம்."

"சரி, அதை விடு. வளையம் எங்க? வளையம் இல்லாமல் எப்பிடிப் போட்டவள்?"

"நில்லுங்கோ, எழுதியிருக்கிறதை வாசிக்கிறன்." சுபாஜினி போனோடு எழும்பிப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்ட நின்று, ஆங்கிலத்தை முணுமுணுத்து வாசித்துவிட்டுச் சொன்னாள். "பின்பக்கத்தில சின்னச் சின்னக் கொழுக்கி இருக்குதாம். அதால நூலைக் கோத்துத் துணியில தைச்சிருக்கினம். கழுத்தில தொங்கவிடேல்லை. தைச்சுத்தான் வைச்சிருந்தவையாம்."

புஸ்பம் அப்போது பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

தைத்து வைத்திருந்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து அகதிகளாகப் படகேறி இராமேஸ்வரம் போன இரவுக்கு முதல்நாள், அம்மா இலவம்பஞ்சுத் தலையணையின் தையலைப் பிரித்துச் சிலுவையை உள்ளே வைத்துத் தைத்ததைப் புஸ்பம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். மண்டபம் முகாமில் பொலிஸ் வருகிறது என்றால் சிலுவை தலையணைக்குள் போகும். திருநாள் வந்தால் வெளியே வரும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. மனம் சரியில்லாத நாட்களில் தையலைப் பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தார். அதெல்லாம் புஸ்பத்துக்கு நன்றாகத் தெரியும், மதலேனாதான் கள்ளி என்ற உறுதியில் இத்தனை வருடம் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. ஆனால் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. அம்மா சாவதற்கு நாலைந்து நாள் முன்பு, படுக்கையில் இருந்தபடி கூப்பிட்டார். "பிள்ளை, ஊசியில நூல் கோத்துத் தா. எனக்குக் கண் தெரியுதில்லை."

புஸ்பம்தான் கோத்துக் கொடுத்தாள். கறுப்பு நூல். என்னத்துக்கு என்று கேட்கவில்லை. குடிக்கிற தேத்தண்ணிச் சீனியைக்கூட ஏன் என்று கேட்கிறவள், பெற்ற தாய் சாகக் கிடந்து ஊசி கேட்டபோது கேட்காமல் விட்டுவிட்டாள். பிறகு அதே தலையணையைத் தன் கையாலே தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். வேண்டாம் என்று தடுத்தவளின் கையைத் தட்டியும் விட்டாள்.

"அம்மா? லைன் போயிட்டுதோ? ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்?"

"இருக்கிறன்." பாதி உரித்த கிழங்கைக் கீழே வைத்தாள். "அந்தப் பெட்டையின்ர குழி அங்கதான் இருக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"முதல்ல ஆருக்கும் தெரியாது. ஆரோ மெசின் வைச்சுத் தேடேக்க ஒரு சின்னப் பொன் துண்டு ஆப்பிட்டிருக்குது. இஞ்ச ஒரு குழியில பொன் இருக்குதெண்டு தெரிஞ்சால் பத்துப் பேர் மண்வெட்டியோட வந்திடுவினம். அதாலதான் இடத்தின்ர பேரைக்கூட இதில எழுதேல்லை."

"பெட்டையின்ர எலும்பு?"

"அதுவும் பக்கத்துக் கண்ணாடிக்குள்ளதான் கிடக்குது. பாவம்."

போனை வைத்த பிறகும் புஸ்பம் எழும்பவில்லை. வேலிக்கு அப்பால் மதலேனா கோழிகளைக் கூப்பிட்டு அடைக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குரலைப் பதினொரு வருடமாகக் கள்ளியின் குரலாகவே கேட்டு வந்திருக்கிறாள். இப்போது அது வெறும் ஒரு பெண்ணின் குரலாகக் கேட்டது. அதைத் தாங்கமுடியவில்லை. ஓடிப்போய் அவள் காலில் விழவேண்டும் போல இருந்தது.

விழுந்தால் போதுமா? பேரை எடுத்தது ஊருக்கு நடுவில். கொடுப்பதையும் ஊருக்கு நடுவில்தான் கொடுக்கவேண்டும். எழும்பி நின்று, சிலுவை அம்மாவின் தலையணைக்குள் இருக்கிறது என்று சொல்லவேண்டும். மதலேனாவின் பேர் வெளுத்துவிடும். சரி, அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது புஸ்பத்துக்குத் தெரியாதா? ஊரில் யார் யார் எப்படி யோசிப்பார்கள் என்று முப்பது வருடமாக அதே வேலையாக இருப்பவள் அவள். போன வருடம் முசலிப் பக்கம் ஒரு பாழடைந்த கட்டடத்தில் புதையல் இருக்கிறதென்று யாரோ கிளப்பிவிட, எங்கிருந்தோ ஸ்கானரோடு வந்து தரையையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவைப் புதைத்த தாழ்வுபாட்டுச் சேமக்காலை வெறும் கடற்கரை மண். நாய் கூடக் கிண்டும். பொன் என்ற சொல் வாயால் விழுந்தால், அம்மா அந்த இங்கிலாந்துப் பெட்டை போலத்தான் வெளியே கிடப்பார். கண்ணாடிப் பெட்டி கூட இருக்காது.

சொன்னால் அம்மா போனார். சொல்லாவிட்டால் மதலேனா போனாள். மூன்று நாள் புஸ்பம் கரைக்கே போகவில்லை. நாலாம் நாள் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது.

அன்று பின்னேரம் ஊர் முழுவதும் சேமக்காலையில் நின்றது. குழிகளைக் கூட்டிப் புது மண் போட்டு, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுதிரியுமாகக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். அம்மாவின் குழியில் அன்ரனியும் மதலேனாவும் ஒரு பக்கம், புஸ்பம் மறுபக்கம். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். சுவாமி தீர்த்தம் தெளித்து, செபம் முடித்துக் கோவிலுக்குப் போன பிறகு புஸ்பம் தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ. எனக்கு ஒரு கதை சொல்ல இருக்குது."

அவளுடைய கதை என்றால் ஊர் நிற்காமல் போகுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பெண்கள் கூடத் திரும்பி வந்தார்கள்.

"எங்கட அம்மாவின்ர சிலுவையை ஆரும் எடுக்கேல்லை. அது என்னட்டத்தான் இருந்தது. என்ர அலுமாரிக்குள்ள, பழைய சீலைக்கு அடியில. நானே வைச்சுப்போட்டு மதலேனாவில பழி போட்டனான். அவ களவெடுக்கேல்லை. அவ தொடவே இல்லை. நான் சொன்னதெல்லாம் பொய்."

காற்றில் மெழுகுதிரிகள் படபடத்தன. முதலில் வாய் திறந்தவன் படகுக்கார றொபேட்.

"பதினொரு வருசமா அலுமாரி திறக்கேல்லையோ அக்கா?"

"திறந்தனான்."

"அப்ப எங்க அது? காட்டுங்கோ பாப்பம்."

"காட்டேலாது. மடுமாதாவின்ர உண்டியலில போட்டிட்டன்."

செத்தவர்களுக்கு நடுவில் நின்று, அதுவும் இந்தத் திருநாளில், இரண்டு பொய். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் சுவாமிக்கும் ஒரு வாய் இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. தம்பிக்குப் பங்கு கொடுக்கக்கூடாது என்று ஒளித்திருக்கிறாள், தாயின் பொருளில் ஆசை, மற்றவளைக் கள்ளி என்று சொன்ன வாயைப் பார். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பழக்கமான சொற்கள்தான். இத்தனை நாள் அவளே வேறொருத்திக்குச் செய்து கொடுத்தவை. அவை இப்படிச் சுடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்ரனி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மதலேனா குழியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். புஸ்பத்துக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"நீங்கள் ஒண்டையும் மறக்கிற ஆளும் இல்லை. ஒரு பொருளை உண்டியலில போடுற ஆளும் இல்லை. மடுவுக்கு எப்ப போனனீங்கள்? ஆவணித் திருநாளுக்குப் பிறகு நீங்கள் டவுனைத் தாண்டிப் போகேல்லை. வேலிக்கு அங்கால இருக்கிற எனக்குத் தெரியாதோ?"

வாயைத்தான் புஸ்பத்தால் மூடிவைக்க முடிந்தது. கண் அவளைக் கேட்காமல் ஒரு கணம் குழியின் தலைமாட்டுக்குப் போய்த் திரும்பியது.

மதலேனா அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டாள். தலைமாட்டு மண்ணைப் பார்த்தாள்.

"அந்த ஊத்தைத் தலையணையோ?"

புஸ்பம் தலையாட்டினாள். கண்ணீர் தாடை வரைக்கும் வந்து சொட்டியது.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்" என்றாள் மதலேனா. "சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனி. நான்தான் உன்ர கையைத் தட்டிவிட்டனான்."

"பதினொரு வருசம் மச்சாள். ஒரு பிரேதத்துக்குத் தலைசீவக்கூட என்னை ஆரும் விடேல்லை." அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை. "இதுக்கு நான் உங்களோட உடன சிரிச்சுக் கதைப்பனெண்டு நினைக்காதேங்கோ."

"நினைக்கேல்லை."

"என்ன மதலேனாக்கா, அவ அங்க என்ன குசுகுசுக்கிறா?" என்று றொபேட் தூரத்திலிருந்து கத்தினான். "உண்மையில எங்க ஒளிச்சவவாம்?"

இந்த ஒரு நொடியில் மதலேனா வாயைத் திறந்தால் போதும். திறக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

மதலேனா திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அவதான் சொன்னாவே, அலுமாரிக்குள்ள எண்டு. இன்னும் என்ன? போய் உங்கட குழிக்குத் திரி கொளுத்துங்கோ."

சனம் கலைந்தது. மதலேனா குந்தியிருந்து, தலைமாட்டில் குத்தியிருந்த மெழுகுதிரியைப் பிடுங்கிக் கால்மாட்டில் குத்தினாள். காலால் மிதிபட்ட மண்ணைக் கையால் தடவி ஒழுங்காக்கினாள். பிறகு நிமிராமலே பேசினாள்.

"எங்கள் ரெண்டு பேரில ஆர் பிந்திப் போறமோ, அவ இந்தக் குழி திறக்கேக்கத் தலைமாட்டில நிக்கவேணும். தலையணையில ஆரும் கை வைக்க விடக்கூடாது. அப்பிடியே திருப்பி உள்ள வைக்கவேணும்."

"ஓம்."

"நீங்களும் எடுக்கக்கூடாது."

"எடுக்கமாட்டன், மச்சாள்."

மதலேனா நிமிர்ந்து அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை. அது நியாயமான சந்தேகம் என்று புஸ்பத்துக்குத் தோன்றியது.